கேட்டுவிட்டு ஏற்றிய மெழுகுவர்த்தி

இந்தப் பதிவை எழுதுவதற்கு முன் இரண்டு பேரிடம் சம்மதம் கேட்டேன். ஒருவர் என்னோடு வேலை பார்க்கும் தோழி. "எழுது, என் பெயர் மட்டும் வேண்டாம்" என்று அன்றே சொல்லிவிட்டார். இன்னொருவர் என் அம்மா. நாகர்கோவிலில் இருக்கிறார். போனில் விஷயத்தைச் சொன்னதும் பேச்சை மாற்றினார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, "எழுது மக்களே. நம்ம சபை பேரைப் போடாதே. அங்க உள்ளவங்க கெட்டவங்க இல்ல" என்றார். கெட்டவர்கள் இல்லை என்று எனக்கும் தெரியும். கெட்டவர்களாக இருந்திருந்தால் இதை எப்போதோ எழுதியிருப்பேன்.

நான் நர்ஸ். 2016-இல் இங்கிலாந்துக்கு வந்தேன். பிரிஸ்டலில் ஒரு மருத்துவமனையின் இதய நோய் வார்டில் வேலை. தோழி அதே வார்டில் ஹெல்த்கேர் அசிஸ்டெண்ட். அறுபதை ஒட்டிய வயது. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதில் அவரைப் போலக் கைப்பக்குவம் உள்ளவரை நான் பார்த்ததில்லை. அவர் விக்கா வழியை, அதாவது தங்களை 'விட்ச்' என்று சொல்லிக்கொள்கிறவர்களின் மதத்தை, பின்பற்றுகிறவர் என்று வார்டில் எல்லாருக்கும் தெரியும். கழுத்தில் ஒரு சின்ன ஐந்துமுனை நட்சத்திரம் போட்டிருப்பார், டியூட்டியில் அதைக் கழற்றி லாக்கரில் வைத்துவிடுவார். குழுவாகக் கூடிச் செய்கிறவர்களும் உண்டு. இவர் தனியாகவே செய்கிறவர்.

2019 நவம்பரில் ஒரு நைட் டியூட்டி. இரண்டு வாரம் லீவில் இருந்துவிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தேன். அதிகாலை நாலு மணிக்கு ஸ்டாஃப் ரூமில் டீயோடு உட்கார்ந்திருந்தபோது அவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. "உனக்கு என்ன நடந்தது என்று நீ சொல்ல வேண்டாம். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கிறது. வரும் பௌர்ணமிக்கு உனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி உன் பெயரைச் சொல்லலாமா? வேண்டாம் என்றால் செய்ய மாட்டேன்" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பயம்தான் காரணம். எங்கள் வீட்டில் 'விட்ச்' என்ற சொல்லுக்கு ஒரே ஒரு மொழிபெயர்ப்புதான் உண்டு: சூனியக்காரி. யாத்திராகமத்தில் சூனியக்காரியை உயிரோடே வைக்கவேண்டாம் என்று எழுதியிருப்பதை ஞாயிறு பள்ளியிலேயே படித்திருக்கிறேன். நட்சத்திரம் போட்ட ஒருவர் என் பெயரைச் சொல்லி விளக்கேற்றுவது என்றால் எனக்கு உடம்பு நடுங்கியது. அவர் முகம் மாறவில்லை. "சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது பெட்காரருக்கு டிரிப்ஸ் முடியப்போகிறது என்று ஞாபகப்படுத்தினார். அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியின் மதிப்பு அந்த வாரக் கடைசியில்தான் எனக்குப் புரிந்தது.

என்ன நடந்தது என்று இங்கே சொல்கிறேன், இது நானே சொல்ல முடிவு செய்தது. அந்த வருஷம் பிப்ரவரியில் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை எனக்குக் கர்ப்பம் கலைந்தது. என் கணவருக்குத் தெரியும். அம்மாவிடம் மட்டும் போனில் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. என் மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. நாங்களே நேரில் ஊருக்குப் போகும்போது சொல்லலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம்.

அம்மா வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனார். ஜெபக்குறிப்பு எழுதும் சீட்டில் என் பெயரை எழுதிக் கொடுத்தார். அது வாசிக்கப்பட்டது. யாரோ ஒருவர் அதை வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் போட்டார்: என் பெயர், இங்கிலாந்தில் நர்ஸ், இரண்டு முறை கலைந்தது, கர்ப்பத்தின் கனிக்காக ஜெபிக்கவும். ஒரு வாரத்துக்குள் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு சித்தி கூப்பிட்டார். என்னோடு பள்ளியில் படித்தவளின் அம்மா கூப்பிட்டார். நைட் டியூட்டியை விட்டுவிடு என்றார் ஒருவர். அடுத்த வருஷம் இதே நேரம் உன் கையில் பிள்ளை இருக்கும் என்று எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் குரல் பதிவு அனுப்பியிருந்தார். மாமியாருக்கு விஷயம் பக்கத்து வீட்டிலிருந்து போய்ச் சேர்ந்தது. அவர் என்னிடம் கோபப்படவில்லை. "எங்கிட்ட நீ சொல்லல்லியே" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அம்மாவிடம் சண்டை போட்டேன். "எனக்காக ஜெபிக்கச் சொன்னது யார்?" என்று கத்தினேன். அம்மாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "ஜெபம் வேண்டாம்னு ஆராவது சொல்லுவாவளா மக்களே?" என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

அடுத்த வாரம் நானே போய்த் தோழியிடம் பேசினேன். முழுவதையும் சொன்னேன். கடைசியில், "நீங்கள் ஏன் என்னிடம் கேட்டீர்கள்?" என்றேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உன் பெயர் உன்னுடையது. உனக்கு நல்லது எது என்று நான் முடிவு செய்துகொண்டு அதை உன் மேல் அனுப்பினால், அது நல்லதாகவே இருந்தாலும் நான் உன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவள்தான்."

அதற்கப்புறம் நிறையப் படித்தேன். நோய் பற்றிப் படிப்பதுபோல உட்கார்ந்து படித்தேன். விக்கா என்பது ஆதிகாலத்து மதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இல்லை. அதை உலகுக்குச் சொன்னவர் ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். 1884-இல் லிவர்பூல் அருகே பிறந்தவர். 1900-இல் இலங்கைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனார் (நம் ஜனங்கள் கொழுந்து பறித்த அதே மலைநாடு). பிறகு மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து, ஓய்வு பெற்று 1936-இல் ஊர் திரும்பினார். இங்கிலாந்தில் பழைய சூனியச் சட்டம் 1951-இல்தான் நீக்கப்பட்டது. 1954-இல் அவர் தன் வழியைப் பற்றி வெளிப்படையாக நூல் எழுதினார். அவரிடம் 1953-இல் தீட்சை பெற்ற டோரீன் வாலியன்டே என்ற பெண்மணிதான் இதன் சடங்குகளுக்கு அழகான மொழியைக் கொடுத்தவர். 1964-இல் ஒரு விருந்தில் பேசும்போது அவர் சொன்ன எட்டு ஆங்கிலச் சொற்களைத்தான் இன்றுவரை விக்காவின் அடிப்படையாகச் சொல்கிறார்கள்: யாருக்கும் தீங்கு வராதென்றால், உன் விருப்பப்படி செய். இதை 'ரீட்' என்பார்கள். பழைய ஆங்கிலத்தில் அறிவுரை என்று பொருள். கட்டளை இல்லை, அறிவுரை. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து சுமார் 13,000 பேர் தங்கள் மதம் விக்கா என்று எழுதியிருந்தார்கள்.

அந்த எட்டுச் சொல்லில் சம்மதம் என்ற சொல்லே கிடையாது. தீங்கு என்றுதான் இருக்கிறது. சம்மதம் எங்கிருந்து வந்தது என்று தோழியிடம் கேட்டேன். தீங்கு எது என்பதை யார் தீர்மானிப்பது என்று யோசித்தால் நேராக அங்கேதான் போய் நிற்கும் என்றார். ஒருவருடைய விருப்பத்தை மீறுவதே தீங்கு என்று விக்காவில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதனால்தான் ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரைச் சொல்லிக் காதல் மந்திரம் செய்வதை அவர்களில் பலர் தவறு என்கிறார்கள்.

இதை நான் கண்ணால் பார்த்தது கிளாஸ்டன்பரியில். பிரிஸ்டலிலிருந்து 376 பஸ்ஸில் வெல்ஸ் வழியாகப் போகலாம். இயேசுவை அடக்கம் செய்த அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு வந்து இறங்கினார் என்று கிறிஸ்தவர்கள் கதை சொல்லும் ஊர். இடிந்த மடாலயம் ஒரு பக்கம், கடைத்தெரு முழுவதும் கற்களும் மூலிகைகளும் மெழுகுவர்த்திகளும் விற்கும் கடைகள் இன்னொரு பக்கம். 2020 பிப்ரவரியில், கொரோனாவுக்குக் கொஞ்சம் முன்னால், தோழியோடு போயிருந்தேன். ஒரு கடையில் சிவப்பு மெழுகுவர்த்தி, ரோஜா இதழ், சிறிய எண்ணெய்க் குப்பி எல்லாம் சேர்த்த ஒரு பொட்டலம். நீ விரும்பும் நபரை உன் பக்கம் இழுக்க என்று மேலே எழுதியிருந்தது. எனக்கு உடனே ஊர் ஞாபகம் வந்தது. வசிய மை, வசிய மருந்து. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ். "எங்கள் ஊரிலும் இது உண்டு, வசியம் என்போம்" என்றேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். ஒருவரை நம் வசத்தில் கொண்டுவருவது என்றேன். "உங்கள் மொழி நேர்மையான மொழி. இங்கே இதைக் காதல் என்று எழுதி விற்கிறார்கள்" என்றார்.

அவர் என்ன செய்வார் என்று கேட்டேன். ஆள் பெயர் சொல்லாமல், அன்பாக இருக்கக்கூடிய ஒருவர் வரட்டும், அவருக்கும் விருப்பம் இருக்கட்டும் என்று கேட்பாராம். அதுகூடத் தனக்காகக் கேட்டு இருபது வருஷம் ஆகிவிட்டது என்றார்.

செய்தது மும்மடங்காகத் திரும்பி வரும் என்று விக்காவில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பது மாதிரிதான். ஆனால் தோழி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. திரும்பி வந்துவிடும் என்று பயந்து கேட்பது அடுத்தவரை மதித்துக் கேட்பது ஆகாது என்பது அவர் எண்ணம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் படித்த காலத்தில் நோயாளியின் கையை எடுத்து பி.பி. பட்டையைச் சுற்றிவிடுவோம். கேட்பதெல்லாம் கிடையாது. இங்கே வந்த முதல் மாதம் இதைத்தான் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். கேள். என்ன செய்யப்போகிறாய் என்று சொல். அவர் கையை நீட்டினால் அதுவே சம்மதம். நீட்டாவிட்டால் நில். இப்போது அது எனக்குப் பழகிவிட்டது. ஒரு பட்டையைச் சுற்றவே கையை நீட்டும்வரை காத்திருக்கிற நான், ஒருவருடைய கர்ப்பப்பையைப் பற்றிக் கடவுளிடம் நாற்பது பேர் முன்னால் பேசுவதற்கு அவரைக் கேட்க வேண்டாமா என்று யோசிக்காமலே வளர்ந்திருக்கிறேன். ஊரில் நானும் எத்தனையோ சீட்டு வாசித்திருக்கிறேன். யாருடைய குடிப்பழக்கம், யாருடைய மகளின் தள்ளிப்போகும் கல்யாணம், யாருடைய வயிற்றுக் கட்டி. அவர்களில் ஒருவரையாவது கேட்டுத்தான் அந்தச் சீட்டு வந்ததா என்று எனக்குத் தெரியாது.

ஜெபத்தை மருத்துவர்கள் ஆராய்ந்த கதையிலும் இந்தக் கேள்வி மறைந்து கிடக்கிறது. நான் படித்த மூன்று ஆய்வுகளுமே எங்கள் வார்டு மாதிரியான இதய நோயாளிகளை வைத்துச் செய்தவை. 1988-இல் வெளியானது சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. ஜெப ஆய்வில் சேர்கிறீர்களா என்று 450 பேரைக் கேட்டார்கள். 57 பேர் மறுத்துவிட்டார்கள். எல்லாரும் சம்மதித்த 393 பேருக்கு என்ன ஆயிற்று என்றே பேசுவார்கள், நான் அந்த 57 பேரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ஜெபம் வேண்டாம் என்று ஆராவது சொல்லுவாவளா என்று அம்மா கேட்டாரே, அவர்களில் சிலர் தங்கள் மத நம்பிக்கையைக் காரணமாகச் சொல்லித்தான் மறுத்தார்கள்.

1999-இல் கான்சாஸ் நகர ஆய்வு வெளியானது. 990 நோயாளிகள். இவர்களில் ஒரு பகுதியினருக்காக, முதல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு 28 நாள் ஜெபித்தார்கள். யாரிடமும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாது. ஜெபத்தால் கெடுதல் எதுவும் வராது, கேட்டால்தான் நோயாளி கலவரப்படுவார் என்று நெறிமுறைக் குழு அனுமதித்திருந்தது. முதலில் படித்தபோது எனக்கு இது நியாயமாகத்தான் தெரிந்தது. அப்புறம் யோசித்தால், அதே வாதம்தான் அம்மாவுடையதும். நல்லதுதானே, அவளுக்கு என்ன நஷ்டம்.

2006-இல் ஹெர்பர்ட் பென்சன் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் பெரியது. பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேர், ஆறு மருத்துவமனைகள். உங்களுக்காக யாராவது ஜெபிக்கக்கூடும், ஜெபிக்காமலும் போகக்கூடும் என்று சொல்லப்பட்டவர்களில், ஜெபிக்கப்பட்டவர்களுக்கு 52 சதவீதம், ஜெபிக்கப்படாதவர்களுக்கு 51 சதவீதம் சிக்கல்கள் வந்தன. உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கோ 59 சதவீதம். இது தற்செயலாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். ஆள் திரட்டி ஜெபிக்கும் அளவுக்கா என் நிலைமை மோசம் என்று நோயாளிக்குத் தோன்றியிருக்கலாம் என்றும் ஒரு யோசனை உண்டு. காரணம் எதுவாகவும் இருக்கட்டும். அந்தக் குரல் பதிவைக் கேட்ட ராத்திரி எனக்கு நெஞ்சு படபடத்தது எப்படியென்று எனக்குத் தெரியும். எத்தனை பேர் எனக்காகக் காத்திருக்கிறார்கள், அவர்கள் ஜெபத்தை நான் பொய்யாக்கிவிடுவேனோ என்ற பயம்.

கேட்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2008-இல் எங்களுக்குப் பக்கத்தில், வட சோமர்செட்டில், வீடுகளுக்குச் சென்று பார்க்கும் ஒரு நர்ஸ் வயதான நோயாளி ஒருவரிடம் உங்களுக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்டதற்காகப் பணி இடைநீக்கம் செய்யப்பட்டார். சில வாரம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர் கேட்டார், நோயாளி வேண்டாம் என்றார், விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தபோது, யூனிஃபார்ம் போட்டு ஊசியும் கட்டுத்துணியும் கையில் வைத்திருக்கும் ஒருவரிடம் வேண்டாம் என்று சொல்வது எல்லாருக்கும் சுலபமா என்று தோன்றியது. அதனால் நான் டியூட்டியில் நோயாளிகளிடம் கேட்பதே இல்லை. அவர்களாகக் கேட்டால் உண்டு. "எனக்காக வேண்டிக்கொள்ளம்மா" என்று ஒருவர் சொன்னால், அது கையை நீட்டுவது மாதிரி.

தோழி என்னிடம் கேட்டபோது அவர் யூனிஃபார்மில்தான் இருந்தார். ஆனால் நான் அவருடைய நோயாளி இல்லை. வேண்டாம் என்று சொன்னால் எனக்கு எந்த நஷ்டமும் வராது என்பது இருவருக்கும் தெரியும்.

சரி, கேட்கவே முடியாதவர்களுக்கு? ஐ.சி.யூ.வில் மயக்கத்தில் இருப்பவர்? இதில்தான் தோழியும் நானும் ரொம்ப நாள் பேசினோம், இன்னும் ஒத்துப்போகவில்லை. விக்காவில் இதற்குப் பல வழி வைத்திருக்கிறார்கள். அவர் விரும்பினால் எடுத்துக்கொள்ளட்டும், விரும்பாவிட்டால் இது மண்ணுக்குப் போகட்டும் என்று ஒரு நிபந்தனையோடு சொல்வார்கள் சிலர். அவருடைய ஆழ்மனதிடம் மனதுக்குள்ளேயே அனுமதி கேட்பார்கள் வேறு சிலர். தோழிக்கு இந்த இரண்டாவது வழி பிடிக்காது. "நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்வது அது" என்பார். அவர் செய்வது வேறு. நோயாளியின் பெயரைச் சொல்ல மாட்டார். அறுவைச் சிகிச்சை செய்யும் கைகள் நிதானமாக இருக்கட்டும், வெளியே காத்திருக்கும் மகளுக்கு யாராவது டீ வாங்கிக் கொடுக்கட்டும் என்று கேட்பார். பிறகு பெரும்பாலும் அவரே போய் டீ வாங்கிக் கொடுப்பார்.

நான் அப்படியில்லை. மயக்கத்தில் இருப்பவருக்காகப் பெயர் சொல்லியே மனதுக்குள் ஜெபிக்கிறேன், கேட்காமல். ஜெபம் ஒரு விண்ணப்பம்தான், கொடுப்பதும் மறுப்பதும் ஆண்டவர் கையில் இருக்கிறது. மந்திரம் அப்படி இல்லையே, அது தானே வேலை செய்வதாக நீங்கள் நம்புகிறீர்களே என்று தோழியிடம் வாதாடினேன். அவருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. "நீ யாரிடம் கேட்கிறாய் என்பது இருக்கட்டும். என்ன கேட்கிறாய்? அவர் விரும்புவதையா, நீ விரும்புவதையா?" என்றார்.

அப்போது எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தார். 2011-இல் புற்றுநோய் முற்றி வீட்டில் படுத்திருந்தார். தினமும் சாயங்காலம் ஆட்கள் வந்து கட்டிலைச் சுற்றி நின்று எழுந்து நடக்க வேண்டும் என்று சத்தமாக ஜெபிப்பார்கள். ஒருநாள் எல்லாரும் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைப் போக விடச் சொல்லு மக்களே" என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்போது எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த நாளும் வந்தார்கள், அடுத்த நாளும் எழுந்து நட என்று ஜெபித்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். கடைசிப் பத்து நாள் அப்படித்தான் போயிற்று.

அம்மாவோடு இந்தத் தர்க்கம் வேத வசனத்தில் வந்து நின்றது. பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருஷம் வியாதியாய்க் கிடந்தவனிடம் இயேசு முதலில் என்ன செய்தார்? சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா என்று கேட்டார். முப்பத்தெட்டு வருஷம் படுத்திருக்கிறவனிடம் அது தேவையில்லாத கேள்வி மாதிரி இருக்கும். ஆனாலும் கேட்டார் இல்லையா என்றேன். அம்மா சளைத்தவர் இல்லை. "நாலு பேரு கூரையைப் பிரிச்சுத் திமிர்வாதக்காரனை இறக்குனாங்களே, அவனைக் கேட்டா இறக்குனாங்க? அவங்க விசுவாசத்தைக் கண்டுதானே சுகம் கொடுத்தாரு?" என்றார். நல்ல கேள்வி. எனக்கு இரண்டு நாள் பதில் தெரியவில்லை. அப்புறம் தோன்றியது: அவன் கட்டிலில் விழித்துக்கொண்டுதான் கிடந்தான். தெருவெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்கள், மாடி ஏறினார்கள், கூரையைப் பிரித்தார்கள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வழி முழுக்க நேரம் இருந்தது. சீட்டில் பெயர் எழுதப்பட்ட எனக்கு அது இல்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். "நீ நல்லாப் பிரசங்கம் பண்ணுதே" என்றார், ஆனால் குரலில் ஒரு யோசனை இருந்தது.

தீங்கு செய்கிறவனிடமும் கேட்க வேண்டுமா என்ற கேள்வியையும் விட முடியாது. 1940-இல் நியூ ஃபாரஸ்ட் காட்டில் சூனியக்காரர்கள் கூடி, நீ கடலைத் தாண்ட முடியாது என்று ஹிட்லரின் மனதுக்கு எண்ணத்தை அனுப்பினார்கள் என்று கார்ட்னர் சொல்லியிருக்கிறார். ஹிட்லரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. 2017-இல் அமெரிக்காவில் அதிபர் ட்ரம்பைக் கட்டுவதற்கு மாதாமாதம் தேய்பிறையில் மந்திரம் செய்தார்கள், அதற்கு எதிராகக் கிறிஸ்தவர்கள் பதிலுக்கு ஜெபித்தார்கள். மந்திரம் செய்தவர்களின் மொழியிலும் அது கட்டுவதுதான். நம் ஜெபங்களிலும் அந்த ஆவியைக் கட்டுகிறோம், இந்த ஆவியைக் கட்டுகிறோம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். தோழியின் தெருவில் ஒரு பெண்ணைக் கணவன் அடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மந்திரக் கட்டு போட்டீர்களா என்று கேட்டேன். "காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாதுகாப்பு இல்லத்தில் விட்டேன். அவள் வருகிறேன் என்று சொன்ன பிறகு" என்றார். அதற்கு முன் மூன்று முறை கேட்டிருக்கிறார், அவள் வரவில்லை என்று சொல்லியிருக்கிறாள். அந்த மூன்று முறையும் வீட்டுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்திருந்ததுதான் தனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்றார்.

என் மெழுகுவர்த்தியைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே. 2020 மார்ச்சில், வார்டு முழுக்க மாறிக்கொண்டிருந்த வாரத்தில், நானே போய்க் கேட்டேன். "அன்றைக்குக் கேட்டீர்களே, இப்போது ஏற்ற முடியுமா?" உடனே சரி என்று சொல்லவில்லை. "உனக்கு என்ன வேண்டும்?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து மாதத்தில் அந்தக் கேள்வியை யாருமே என்னிடம் கேட்கவில்லை. கர்ப்பத்தின் கனி வேண்டும் என்று எல்லாருமே முடிவு செய்துவிட்டிருந்தார்கள். எனக்குக் குழந்தை வேண்டாம் என்று இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது தூக்கம். அக்டோபரிலிருந்து நான் சேர்ந்தாற்போல் நாலு மணி நேரம் தூங்கியதில்லை. "தூங்க வேண்டும்" என்றேன். "அதை மட்டுமா?" என்றார். அதை மட்டும் என்றேன். நீல மெழுகுவர்த்தியில் ஊசியால் என் பெயரைக் கீறி, நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறெதுவும் சேர்க்காமல் ஏற்றியதாகச் சொன்னார். அவர் தெய்வங்களின் பெயர் சொல்லட்டுமா என்றும் கேட்டிருந்தார். வேண்டாம், எனக்கு அது சங்கடம் என்றேன். சொல்லவில்லை.

தூங்கினேனா என்று கேட்டால், கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கினேன். மெழுகுவர்த்தியாலா, என்னிடம் ஒருவர் கேட்டதாலா, நாள் ஆக ஆக ஆறியதா, எனக்குத் தெரியாது. குழந்தை பிறந்ததா என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். அதை இங்கே எழுதப்போவதில்லை.

அம்மா இன்னும் வெள்ளிக்கிழமை போகிறார். இப்போது எனக்காகச் சீட்டு எழுதினால் 'ஒரு மகளுக்காக' என்று மட்டும் எழுதுகிறாராம். அந்த மகள் யார் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும், அம்மாவுக்கு இருப்பது நான் ஒருத்திதான். ஆனாலும் எழுதுவதற்கு முந்தின நாள் கூப்பிட்டு, "நாளைக்கு எழுதட்டா?" என்று கேட்கிறார். சில வாரம் எழுதுங்கள் என்கிறேன். சில வாரம் வேண்டாம் என்கிறேன். வேண்டாம் என்று சொன்ன வாரங்களில் வீட்டில் தனியாக ஜெபித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அதை நான் கேட்பதில்லை. அது அம்மாவுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது.

போன அக்டோபர் கடைசியில் தோழி மறுபடி ஒன்று கேட்டார். அக்டோபர் 31 அவர்களுக்கு இறந்தவர்களை நினைக்கும் நாள், ஆங்கிலத்தில் 'சாவின்' (Samhain) என்பார்கள். தன் அப்பாவுக்கும் தங்கைக்கும் விளக்கு வைக்கும்போது, என்னுடைய அந்த இரண்டுக்கும் சேர்த்து இரண்டு சின்ன விளக்கு வைக்கலாமா என்றார். நைட் டியூட்டி முழுக்க யோசித்தேன். காலையில் லாக்கர் பக்கம் வைத்து, வேண்டாம், அது என்னிடமே இருக்கட்டும் என்றேன்.

"சரி" என்றார். நட்சத்திரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோட்டைப் போட்டார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் அவர் குடையில் இரண்டு பேரும் நடந்தோம். பக்கத்து வீட்டு நாய் அவருடைய தோட்டத்தில் லீக் வெங்காயப் பாத்தியைத் தோண்டிவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.